மரேவியாவின் விசிறி

மரேவியாவின் கைக்கு வரும் காகிதம் எதுவானாலும் முதலில் அது விசிறி, அப்புறம்தான் காகிதம். தீர்ப்பு நகலால் விசிறிக்கொள்வார், கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொள்வார். தராவாத் தீவில் வக்கீலாகக் காணி வழக்குகள் நடத்திய காலத்திலேயே அந்த வழக்கம் உண்டு. மடித்த காகிதம் ஆட ஆரம்பித்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முணுமுணுப்பார்: "ஆரம்பிச்சிட்டாங்கய்யா. இனிமே நமக்குத்தான் வேர்க்கும்."

இப்போது அவர் எதிர்க்கட்சித் தலைவி. கொட்டாங்கச்சி அளவு நாடு. ஆளுங்கட்சியில் பாதிப் பேர் அவருக்குச் சொந்தம், மீதிப் பேர் சம்பந்தி வழி. சொந்தக்காரர் வாய்விட்டு ஒன்றைக் கேட்டால் இல்லையென்று சொல்வது இங்கே மானக்கேடு. அப்படிக் கேட்பதற்குப் புபுசி என்று பெயர். அவருடைய தையல் இயந்திரம் அப்படித்தான் போனது, இரண்டு சைக்கிள்களும் போயின. தாம் மட்டும் எவரிடமும் புபுசி கேட்டதில்லை.

காயலை வெளிநாட்டுக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடும் மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. தோற்கடிக்க ஒரே ஓட்டு குறைந்தது. "ஆளுங்கட்சி கபுரோரோ உங்க சின்னம்மா மகன்தானேக்கா? ஒரு புபுசி கேட்டா முடிஞ்சுது" என்றார்கள் கட்சிக்காரர்கள்.

"கேட்டு வாங்க அது என்ன மீன் குழம்பா? நான் பேசணும், அவன் மனசு மாறணும்" என்று சீறினார். எதையும் எழுதிப் படிக்காதவர், இந்த ஒரு பேச்சை மட்டும் நாக்கை நம்பாமல் எழுதிவைத்தார்.

வாக்கெடுப்பு நாள் காலையில் கபுரோரோவே வந்துவிட்டான். பாயில் சம்மணமிட்டு, கொடுத்த பதநீரைக் குடித்துவிட்டு, கட்சிக்காரர்கள் முன்னிலையிலேயே வாயைத் திறந்தான்.

"அக்கா, ஒரு புபுசி. இன்னிக்கு மசோதாவ எதிர்க்காம விட்டுடு."

மரேவியாவுக்கு உள்ளே கொதித்தது. குரலில் காட்டவில்லை. "பன்னியக் கேளு, பிடிச்சுக் கட்டித் தரேன். என்னோடது எதுவானாலும் தரேன். அந்த ஓட்டு என்னோடது இல்லடா. காயல்ல சிப்பி பொறுக்கறாங்களே, அவங்களோடது. அடுத்தவங்க சொத்தத் தூக்கிக் குடுக்க நான் யாரு?"

சுற்றிலும் சிரித்துவிட்டார்கள். கபுரோரோவுக்கு முகம் சுண்டிப்போனது.

"சரி, உன் மூக்குக் கண்ணாடியக் குடு. அது உன்னோடதுதானே?"

கண்ணாடி இல்லாவிட்டால் மரேவியாவுக்கு எதிரே நிற்பது ஆளா தாழைமரமா என்று தெரியாது. அது ஊருக்கே தெரியும்.

"அக்கா, வேணாம்! பேச்ச எப்படிப் படிப்பீங்க?" என்று ஒருவர் பதறினார்.

மரேவியா கண்ணாடியைக் கழற்றினார். பாவாடை ஓரத்தால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். "பத்திரமா வச்சுக்க தம்பி. போட்டுப் பாரு, தூரத்துல இருக்கறதும் நல்லாத் தெரியும்."

அன்று பிற்பகல் அவையில் சபாநாயகர் அவர் பெயரைச் சொல்லி அழைத்தார். எதிர் வரிசை முழுக்க வெறும் வெள்ளைச் சட்டைகள். எந்தச் சட்டை தம்பியுடையது என்று மரேவியாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. கையிலிருந்த பேச்சில் எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது.

"என்னம்மா, எழுதிட்டு வந்ததப் படிக்கலியா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கிண்டலடித்தது.

மரேவியா காகிதங்களை ஒன்றாகத் தட்டிச் சேர்த்தார். இரண்டாக மடித்து, விசிறிக்கொண்டே எழுந்து நின்றார்.