விசா வராமலிருக்க ஒரு ஜெபம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு என்னைப் பெஞ்சில் உட்காரவைத்துப் பாடம் நடத்திய ஒரே ஆள் எங்கள் சபை ஐயர்தான். போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்போம். மனம் சோர்ந்தவர்களோடு உட்கார்ந்து பேசுவதற்காக எங்கள் ஊர் குத்துக்கல்வலசைச் சபையில் ஆறு பேரைப் பிடித்து, மூன்று சனிக்கிழமை பயிற்சி கொடுத்தார். மற்றவர்களில் ஓய்வு பெற்ற ஆசிரியர் இருந்தார், நர்ஸ் இருந்தார். நான் தென்காசியில் பெட்டி, பை, குடை ரிப்பேர் பார்க்கிறவன்.

"என்னை எதுக்குய்யா? வீட்டைப் பூட்டிட்டு, பூட்டுனேனான்னு பாக்கப் பாதி வழியில திரும்பி வாரவன் நான்."

"அதுக்குத்தான் அண்ணாச்சி. உங்களப் பாத்தா எல்லாவனுக்கும் தன் கவலை சின்னதாத் தெரியும்லா."

அது பாராட்டா கேலியா என்று மூன்று நாள் யோசித்தேன்.

பயிற்சியில் விதிகள் இரண்டு. சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கேட்டதை யாரிடமும் சொல்லக்கூடாது. முதல் விதியில் என்னைக் குறை சொல்ல முடியாது.

என்னிடம் முதலில் வந்தவன் எங்கள் தெருக்காரன். எட்டு வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்து, புது விசாவுக்குக் காத்திருந்தான். ஆலோசனை கேட்க வரவில்லை, ஜிப் பிய்ந்த பெரிய பெட்டியோடு கடைக்கு வந்தான்.

"நாளைக்குத் தாரேன் தம்பி."

"அவசரம் இல்ல அண்ணாச்சி. மெதுவாப் பாருங்க."

"அப்ப நாளான்னைக்கு?"

"ஒரு ரெண்டு வருசம் ஆகட்டுமே."

நான் ஊசியைக் கீழே வைத்தேன். அவன் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். போக மனசில்லை என்றான். குற்றாலம் ஐந்தருவியில் ஒரு பழக்கடை போட ஆசை. போன தடவை லீவில் வந்தபோது அவன் மகள், "இந்த மாமா எப்பம்மா போவாங்க?" என்று அம்மாவிடம் கேட்டாளாம். அதைச் சொல்லிவிட்டுப் பெட்டியின் பிய்ந்த ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்த்தான்.

"வீட்டுல சொல்லேன்."

"எப்படிச் சொல்ல? விசா வருது விசா வருதுன்னு சபை பூராவும் சொல்லி வச்சிருக்கா. வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் வேற. நீங்கதான் அண்ணாச்சி, விசா வரக்கூடாதுன்னு ஜெபம் பண்ணணும். யார்ட்டயும் மூச்சு விட்டுராதீங்க."

இப்படியும் ஒருவன் கேட்பான் என்று பயிற்சியில் சொல்லவில்லை. சரியென்று சொல்லித் தொலைத்தேன்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஐயர் விசாவுக்காக ஜெபிக்கும்போது சபை மொத்தமும் ஆமென் சொல்லும், நான் உதட்டை மட்டும் அசைப்பேன். அத்தனை பேர் ஒரு பக்கம், நாங்கள் இரண்டு பேர் ஒரு பக்கம். ஆண்டவரைக் குழப்புகிறோமோ என்று பயம். விசா வராமல் போனால் அந்தக் குடும்பத்தைக் கெடுத்தவன் நான். வந்துவிட்டால் என் ஜெபத்தின் லட்சணம் அவ்வளவுதான்.

"என்ன, புதுசா ஒரு கவலை கிடைச்சிருச்சா?" என்றாள் என் மனைவி. அவளிடமும் சொல்ல முடியாது.

உபவாசத்தின் நாலாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டிலேயே ஜெபக்கூட்டம் வைத்தார்கள். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் சபையின் வீட்டுக் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டும் வசனமும் முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து, கண்ணை மூடி, ஆளுக்கொரு ஜெபம் சத்தமாகச் செய்ய வேண்டும். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை எல்லாம் அப்போதுதான் சொல்வார்கள். "ஆண்டவரே, ஆராதனைக்குத் தாமதமாக வருகிறவர்களை உணர்த்தும்" என்று ஒருவர் ஜெபித்தால், தாமதமாக வருகிறவரே உரக்க ஆமென் போடுவார். கண் மூடியிருக்கும்போது கேட்டதற்குக் கோபப்படக் கூடாது.

என் முறை வந்தது. "ஆண்டவரே, இந்த வீட்டுக்கு வரப்போகிற விசாவை…" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. கண் திறந்திருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன். மூடிவிட்டால் எனக்குப் பொய் வராது.

"ஆண்டவரே, இந்தத் தம்பிக்குப் போக மனசில்லன்னு உமக்குத் தெரியும். ஐந்தருவியில பழக்கடை போட ஆசைப்படுதது தெரியும். வீட்டுல சொல்லப் பயப்படுதது தெரியும். யார்ட்டயும் சொல்லாதீங்கன்னு எங்கிட்டச் சொன்னதும் உமக்குத் தெரியும்…"

அப்போதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. யாரும் ஆமென் சொல்லவில்லை. கண்ணைத் திறக்க எனக்குத் தைரியமில்லை.

அடுத்து அவன் மனைவியின் குரல் கேட்டது.

"கர்த்தாவே, நாலு வெள்ளிக்கிழமையா நான் பட்டினி கெடக்கேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா வயிறாரச் சாப்பிட்டிருப்பேன். பெட்டி தைக்கிறவர்ட்டச் சொல்லத் தெரிஞ்ச மனுசனுக்குப் பொண்டாட்டிட்டச் சொல்லத் தெரியல. நீர் அவர மன்னியும். நான் மன்னிக்க ஒரு வாரம் ஆகும்."

"ஆண்டவரே," என்று பக்கத்திலிருந்து அவன் குரல் வந்தது, "நாலு பேர் முன்னால அவ தலை குனியக்கூடாதுன்னுதான்…"

"என் தலையப் பத்தி அவர் கவலப்பட வேண்டாம் ஆண்டவரே. பெத்த பிள்ள அவர மாமாங்குது. அதுக்கு நான் எத்தன நாள் குனிய?" மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆனா பழக்கடைன்னா காலம்பற நாலு மணிக்குச் சந்தைக்குப் போகணும். இவரு எட்டு மணிக்கு எந்திரிக்க ஆளு. அதுக்கு நீர்தான் பெலன் தரணும்," என்றாள்.

ஐயர் சட்டென்று ஆமென் என்றார். அந்த வீட்டில் அவ்வளவு பெரிய ஆமென் அதற்கு முன் கேட்டிருக்காது.

கண்ணைத் திறந்தால், யாரும் எதையும் கேட்காத மாதிரி சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். ஐயர் என்னை வாசலுக்குக் கூட்டிப் போனார்.

"ரெண்டாவது விதி என்ன அண்ணாச்சி?"

"யார்ட்டயும் சொல்லக்கூடாது."

"நீங்க?"

"ஆண்டவர்ட்டதான்யா சொன்னேன்."

சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "வார சனிக்கிழமை மறுபடி பயிற்சிக்கு வாங்க. நீங்க மட்டும்."

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க அண்ணாச்சி. இனிமே உங்ககிட்ட ஒண்ணும் சொல்லுததா இல்ல," என்றான். நியாயம்தான். அவன் நம்பிச் சொன்னதை நான் கொட்டிவிட்டேன். நல்லபடியாக முடிந்தது என் சாமர்த்தியத்தால் அல்ல.

அடுத்த வாரம் விசா வந்தது. என் ஜெபம் பலிக்கவில்லையே என்று ஒரு நாள் முழுக்கக் கவலைப்பட்டேன். ஆனால் அவன் போகவில்லை. சீசன் முழுக்க ஐந்தருவியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கிறான். மகள் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க அப்பா கடை" என்று வருகிறவர்களை எல்லாம் கூப்பிடுகிறாள்.

கடை போட்ட மறுவாரம் அவன் மனைவி என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, அந்தப் பெட்டி?"

"இங்கனதான் இருக்கும்மா. ஜிப் போடல. வேண்டாம்லா?"

"போட்டு வைங்க. நாலு மணிக்கு எந்திரிக்கலன்னா அனுப்பி வைக்கணும்லா."

போட்டுவிட்டேன். பெட்டி இப்போதும் என் கடையில் குடைகளுக்குப் பின்னால் தயாராக இருக்கிறது. அதை அவனிடம் சொல்லவில்லை. இந்தத் தடவை ஆண்டவரிடமும் சொல்லவில்லை.