மத்தியான பஸ்ஸின் இலவச டிக்கெட்

திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் மத்தியான டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நெரிசலைப் பார்த்த கண்டக்டர், டிக்கெட் தராமலே எங்களைத் தாண்டிப் போகிறார். எனக்கும் அது பெரிதாகத் தோன்றவில்லை. என் பக்கத்தில் விதைக்கடலைப் பையை மடியில் வைத்திருக்கும் ஒரு அம்மாதான் அவரை நிறுத்துகிறார்.

"டிக்கெட் குடுங்க."

"காசே இல்ல, டிக்கெட் எதுக்கும்மா?"

"போன வருஷம் இப்பிடித்தான் குடுக்காம வுட்டீங்க. ஆளே ஏறலைனு சொல்லி இந்த ட்ரிப்பையே நிறுத்திட்டாங்க. மனு மேல மனு குடுத்து இப்பதான் திரும்ப வுட்டிருக்காங்க. நாங்க ஏறினோம்னு உங்க மிஷின் சொல்லட்டும்."

கண்டக்டர் சிரித்துக்கொண்டே முன் சீட்டுக்குத் திரும்பி, முதலிலிருந்து டிக்கெட் போட ஆரம்பிக்கிறார். எங்கள் வரிசைக்கு வர இன்னும் நேரமாகும். நான் இப்போதே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.