லந்தக்காரன் தொப்பி தேங்காய்ப்பட்டணம் போன கதை

குளச்சல் கடற்கரையில் ஒரு தூண் நிற்கிறது. ஒல்லாந்துக்காரர்களை, எங்கள் பேச்சில் லந்தக்காரர்களை, மகாராஜாவின் படை தோற்கடித்ததற்கு அடையாளம். அதைப் பார்க்க எவ்வளவு நேரம் வேண்டும்? முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. வாயில் போட்ட வெற்றிலைகூடச் சிவந்திருக்காது. இருந்தும் முப்பதுகளின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குக் காரில் போகிற துரைமாரும் வக்கீல்மாரும் இதற்காகவே வழி மாறி எங்கள் ஊருக்குள் வந்தார்கள். வழியில் உதயகிரிக் கோட்டையில் அந்தப் போரில் பிடிபட்ட லந்தக் கப்பித்தானின் கல்லறையைப் பார்த்துவிட்டு, லந்தக்காரர்கள்மேல் தீராத ஆசையோடு வருவார்கள். தூணைக் கண்டதும் முகம் தொங்கிப்போகும்.

அந்த முகங்களைப் பார்க்கப் பொறுக்காத மனிதர் ஒருவர் இருந்தார். தூணுக்குப் பக்கத்து வீட்டுக்காரர், கருவாட்டு வியாபாரி செய்யது அலி. பூனைக்கண், செம்பட்டை மீசை. “நம்மளத் தேடி வந்தவன் சும்மா போவப்பிடாது” என்பார். ஊரில் இல்லாத லந்தாவை அவரே உண்டாக்கினார். தன் வீட்டுக் கிணற்றைக் காட்டி லந்தக்காரர்கள் குளித்த கிணறு என்றார். மனைவி மைமூன் பீவி சுட்ட அரிசிப் பத்திரியும் மீன்கறியும் லந்தாச் சாப்பாடு ஆயின. அசல் லந்தக்காரர் ஒருவரே வந்து, இப்படியொரு கறியை எங்கள் நாட்டில் கண்டதில்லையே என்று டிரைவர் மூலம் கேட்டார். “ஊரை விட்டு வந்து ரொம்ப நாளாச்சுல்லா, மறந்திருப்பீய” என்று செய்யது அலி அவருக்கு ஆறுதல் சொன்னார். அந்த மனிதர் தலையாட்டிவிட்டு இன்னும் இரண்டு பத்திரி வாங்கிக்கொண்டார்.

கடைசியில் போரையும் நடத்திக் காட்டினார். அன்றைய சண்டையில் நம் ஆட்கள் பனந்தடியை வண்டியில் ஏற்றி, பீரங்கி என்று காட்டி லந்தக்காரர்களை மிரட்டினார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. செய்யது அலி வாசலில் ஒரு கட்டை வண்டியும் அதன்மேல் ஒரு பனந்தடியும் எப்போதும் தயாராக இருக்கும். கார் ஹாரன் கேட்டால் போதும், யாரோ தேயிலைத் தோட்டத் துரை விட்டுப்போன தொப்பியில் சேவல் இறகைச் செருகி, தென்னை மட்டையில் செய்த வாளோடு, லந்தக் கப்பித்தானாக வெளியே பாய்வார். பனந்தடியைப் பார்த்து நடுங்குவார். பிறகு வந்தவர்களில் தொந்தி பெரிதாக உள்ளவர் முன்னால் ஒரு காலை மடக்கி, தொப்பியையும் வாளையும் நீட்டி, “தோத்துப் போனேன்” என்பார். துரைசாணிகள் கைதட்டுவார்கள். நாங்களும் வேலையை விட்டுவிட்டுப் போய் நிற்போம். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது, பாவி மனுஷன் அப்படி நடுங்குவார்.

அவருக்கு ஒரே மகள், கதீஜா உம்மாள். அவளைக் கேட்டு ஏற்கெனவே வந்த இரண்டு இடம், வாப்பாவின் கூத்தைக் கேள்விப்பட்டே கைவிட்டுப் போயிருந்தது. மூன்றாவதாக, அந்தக் கூத்தைக் கேள்விப்படாத தேங்காய்ப்பட்டணத்துக் கொப்பரை வியாபாரி யாக்கூப் தன் மகனுக்குக் கேட்டார். நல்ல குடும்பம், பையனும் நல்லவன், கதீஜாவுக்கும் பிடித்திருந்தது. பேசி முடிக்க வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

“இஞ்ச பாருங்கோ” என்றாள் மைமூன் பீவி அன்று காலையில். “இண்ணைக்கு ஒரு நாள் அந்தத் தொப்பியத் தொடாண்டாம். இதுவும் போச்சுண்ணா எனக்க பிள்ள வீட்டுலயேதான் இருப்பா.”

“தொட மாட்டேன் பிள்ளே. எனக்க மோளு ஆணை.”

சொன்னபடியே வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, அத்தர் எல்லாமாக உட்கார்ந்திருந்தார். தேங்காய்ப்பட்டணத்துக்காரர்கள் எங்கே போனாலும் மாட்டு வண்டியில்தான் வருவார்கள். ஆகவே அவர் காது மணிச் சத்தத்துக்குக் காத்திருந்தது. யாக்கூபோ, சம்பந்தி வீட்டில் கௌரவமாகப் போய் இறங்கவேண்டும் என்று தக்கலையிலிருந்து வாடகைக்குக் கார் பிடித்துவிட்டார். ஹாரன் அடித்தது. அவ்வளவுதான். ஆணையும் அத்தரும் போன இடம் தெரியவில்லை. கால் தானாக ஓடியது, கை தானாகத் தொப்பியை எடுத்தது.

மைமூன் பீவி கதவிடுக்கு வழியாகப் பார்த்தபோது, அவள் புருஷன் பனந்தடியின் முன்னால் நடுங்கிக்கொண்டிருந்தார். அடுத்து, காரிலிருந்து இறங்கியவர்களில் தொந்தி பெரிதான யாக்கூபின் முன்னால் காலை மடக்கித் தொப்பியையும் வாளையும் நீட்டினார். “தோத்துப் போனேன்” என்று சொல்லி நிமிர்ந்த பிறகுதான் அது யார் முகம் என்று தெரிந்தது. மனிதருக்கு இருந்த நடுக்கம் இப்போது நிஜ நடுக்கமாயிற்று.

 ஊருக்கு ஊர் ஒரு வழக்கம் உண்டு என்று யாக்கூபுக்குத் தெரியும். சர்க்கரை கொடுக்கிற ஊர் உண்டு, பன்னீர் தெளிக்கிற ஊர் உண்டு. குளச்சலில் இப்படிப் போலிருக்கிறது. வழக்கம் தெரியாதவன் என்று காட்டிக்கொள்ள எந்தச் சம்பந்திக்குத்தான் மனம் வரும்? தொப்பியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். வாளை இடுப்பில் செருகினார். செய்யது அலியைத் தூக்கி நிறுத்திக் கட்டிப்பிடித்தார்.

“பொண்ணு வீட்டுக்காரன் இப்பிடித் தாந்து வந்து நான் எங்கயும் கண்டதில்ல. இனி என்ன பேச இருக்கு?” என்றார்.

கூட வந்த அவருடைய காக்கா, அதாவது அண்ணன், பனந்தடியைத் தட்டிப் பார்த்தார். “நல்ல வைரம் பாஞ்ச தடி. மாப்பிள்ளைக்கு வீடு கட்ட உத்தரமா?”

“ஓ, அதுக்குத்தான்” என்றார் செய்யது அலி.

கலியாணம் நிச்சயமாயிற்று. தொப்பியையும் வாளையும் திருப்பிக் கொடுத்துவிட்டு யாக்கூப் ஒன்று கேட்டுக்கொண்டார். நிக்காஹ் அன்று குளச்சல் வழக்கத்தை ஊர்க் கூட்டத்தின் முன்னாலும் செய்யவேண்டுமாம்.

அன்று பந்தலில் உட்கார இடமில்லை. பள்ளிவாசல் லெப்பை, “படைச்சவன் முன்னால மட்டும்தான் மண்டி, பாத்துக்கிடும்” என்று முன்பே கண்டித்துவிட்டார். அதனால் செய்யது அலி நின்றபடியே யாக்கூபின் எதிரே வந்தார். சேவல் இறகைக் கண்டதும் நாங்கள் எல்லோரும் வெடித்துச் சிரித்தோம். தேங்காய்ப்பட்டணத்துக்காரர்கள் எங்களை முறைத்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றினார். எங்களுக்கு மனப்பாடமான அந்த வார்த்தை வரவில்லை.  கதீஜா திரைக்குப் பின்னால் அழுவது கேட்டது.

“எனக்க பிள்ளய நல்லாப் பாத்துக்கிடுங்கோ” என்று யாக்கூபிடம் நீட்டினார். தொப்பி அவர் கண்ணீரில் நனைந்திருந்தது.

நாங்கள் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் பந்தலைப் பார்த்தோம்.

பனந்தடியும் தொப்பியும் பெண்ணோடு தேங்காய்ப்பட்டணம் போயின. அடுத்த வாரமே ஒரு கார் வந்தது. செய்யது அலி வெறுந்தலையோடு தென்னை மட்டை ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். ஆனால் நடுங்கவில்லை. வந்தவர்களைத் தூண்வரைக்கும் துரத்திப்போய், “ஜெயிச்சாச்சு!” என்று கூவினார். வக்கீல் ஒருவர், தோற்றது லந்தக்காரன்தானே, கல்லிலேயே இருக்கிறதே என்று சண்டைக்கு வந்தார்.

“ஒருக்கா தோத்தாச்சு சாரே” என்றார் செய்யது அலி. “அது போதும்.”

அவர் இருந்தவரைக்கும் குளச்சலுக்கு வந்தவர்களெல்லாம் லந்தக்காரன் ஜெயித்தான் என்றே கேட்டுப் போனார்கள். ஊரில் யாரும் அதைத் திருத்தவில்லை. நாங்கள் எல்லோரும் அந்தப் பந்தலில் இருந்தவர்கள்.