வகுப்பில் மூத்தவள்

பேச்சியின் ‘பைக்கட்டை’த் திறந்தால் புத்தக வாசனைக்கு முன்னால் ஏலக்காய் மணக்கும். அம்மாவோடு கேரளத்து ஏலத்தோட்டத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, எட்டாம் வகுப்பின் நடுவில் கம்பத்துக்குத் திரும்பி எங்கள் பள்ளியில் சேர்ந்தவள் அவள். சின்ன உடம்பு. “நானும் உங்க செட்டுத்தான்டி” என்று சொல்லியிருந்தாள். நாங்களும் நம்பி, ‘பாண்டி’ ஆட்டத்தில் அவளோடு சண்டை போட்டு, தலையில் குட்டி, ‘வாடி, போடி’ என்றே பழகினோம். மேலே தோட்டத்தில் அப்படிக் கூப்பிட அவள் வயதில் ஒருத்தியும் இல்லையாம்.

ஒன்பதாம் வகுப்பில், காலாண்டுத் தேர்வு நெருங்கிய ஒரு வெள்ளிக்கிழமை, ஆங்கில வாத்தியார் ஒப்பீட்டுச் சொற்களை நடத்தினார். எதையும் ஆளை நிறுத்தி நடத்துவதே அவர் முறை. மூன்று பையன்களை வரிசையாக நிற்கவைத்து ‘டால், டாலர், டாலஸ்ட்’ சொல்லவைத்தார். கடைசிச் சொல் ஒருவனுக்குத்தான் பொருந்தும், அதனால் முன்னால் ‘தி’ வேண்டும் என்றார். அடுத்தது வயது. ஒவ்வொருவராக எழுந்து பிறந்த தேதியைச் சொல்லச் சொன்னார். பேச்சி பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளைப் பள்ளியில் சேர்த்து, பிறந்த தேதியைப் பதிந்தவரே அவர்தான். உள்ளதைச் சொன்னாள். அவர் மகிழ்ந்துபோய், ‘பேச்சி இஸ் தி ஓல்டஸ்ட் கேர்ள் இன் தி கிளாஸ்’ என்று கரும்பலகையில் எழுதி எங்களை உரக்க வாசிக்கவைத்தார்.

யாரும் கேலி செய்யவில்லை. மூத்தவர்களைப் பேர் சொல்லக் கூடாது என்று வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அன்று மாலையே அவள் ‘பேச்சியக்கா’ ஆகிவிட்டாள். ‘வாங்கக்கா’ என்று ஆட்டத்துக்கு அழைத்தோம், கோட்டை மிதித்தாலும் பேசாமல் விட்டுக்கொடுத்தோம். ஒருநாள் என்னிடம், “நீயாச்சும் பழையபடி கூப்பிடேன்டி” என்றாள். வீட்டில் சொன்னதும் அம்மா, “மூத்த பிள்ளைய டி போடுவியாக்கும்?” என்று அதட்டினாள்.

தீபாவளிக்குப் பின் பேச்சி வகுப்புக்கு வரவில்லை. அவள் அம்மா வந்து வாத்தியாரிடம், “பெரிய பொம்பளையாட்டம் ஒதுக்கி வச்சிட்டாக சார், போக மாட்டேங்கிறா” என்று சொல்லிவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு தோட்டத்து ஜீப்பில் ஏறினாள்.

இப்போது அந்தப் பள்ளியில் திரையில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் காட்டி அதே பாடம் நடக்கிறது. பிள்ளைகளை எழுப்பி நிறுத்துவதில்லை. நாங்கள் கட்டம் கிழித்த மண்தரையிலும் சிமெண்ட் பூசிவிட்டார்கள்.

போன மாதம் கம்பம் உழவர் சந்தையில், கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பேச்சியைக் கண்டேன். நரைத்திருந்தாள். அதட்ட அம்மா இல்லாத இந்த வயதில், “பேச்சி, எப்படிடி இருக்க?” என்று கேட்டேவிட்டேன். நிமிர்ந்தவள் என்னை அடையாளம் கண்டு சிரித்தாள்.

“நல்லாருக்கேன். நீங்க எப்படி இருக்கீக?” என்றாள்.