மதில் இல்லாத கடைசி ஸ்டேஷன்

சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் ஆஸ்திரியாவில் ரயில் ஓட்டப் போய்விடுவேன். கால் கழுவி, விளக்கேற்றி, பால் விடாத கட்டன் சாயா ஒன்று போட்டு எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் என்னை யாரும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் கடிப்பேன். ஐம்பது தாண்டியவள், பாறசாலைப் பக்கத்தில் ஆதாரம் எழுதிப் பிழைக்கிறவள், இவளுக்கு எதற்கு இந்தச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்டுவிட்டுப் போகட்டும்.

ஆதாரம் என்றால் நிலப் பத்திரம். எங்கள் பக்கத்தில் வீடு விற்றாலும் வாங்கினாலும் பாகம் பிரித்தாலும் என்னைப் போல ஒருவர் உட்கார்ந்து எழுதித்தான் ஆக வேண்டும். எழுதுவது மலையாளத்தில், மனசுக்குள் கணக்குப் போடுவது தமிழில். பகல் முழுக்கக் கிழக்கு எல்கை, மேற்கு எல்கை என்று எழுதி எழுதி, பொழுது சாயும்போது எல்கையே இல்லாத இடத்துக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் என்று தோன்றும். மகன் வேலை கிடைத்துப் பெங்களூர் போனபோது தன்னுடைய பெரிய கம்ப்யூட்டரை இங்கேயே விட்டுவிட்டுப் போனான். அதில் இந்த ரயில் விளையாட்டு கிடந்தது. தூசி தட்டப் போனவள் அப்படியே ஓட்ட உட்கார்ந்துவிட்டேன்.

காசு கொடுத்து வாங்குகிற ரயில் பாதைகள் உண்டு. பளபளவென்று இருக்கும். எனக்கு அவை கல்யாண மண்டபம் மாதிரி. எல்லாம் இருக்கும், குடியிருக்க ஆள் இருக்காது. ரயில் பைத்தியம் பிடித்தவர்கள் தங்கள் ஊர்ப் பாதையைத் தாங்களே செய்து இலவசமாகப் போட்டு வைப்பார்கள், அவைதான் எனக்குப் பிடிக்கும். ஒன்றில் மாடு தரையிலிருந்து ஒரு சாண் மேலே நின்று புல் மேயும். இன்னொன்றில் கார் கடைச் சுவருக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வரும். ஆனால் அதே பாதையில் ஸ்டேஷன் பெஞ்சுக்கு அடியில் ஒரு நாயைப் படுக்க வைத்திருப்பார்கள். அது அங்கே நிஜமாகவே படுத்திருந்த நாய் என்று பார்த்தாலே தெரியும்.

எனக்கு உயிரான பாதை ஒரு மலைப் பள்ளத்தாக்கில் போகிற ஒற்றைத் தண்டவாளம். சிவப்புப் பெட்டிகள் இரண்டே இரண்டு. ஒரே ஆற்றைத் திரும்பத் திரும்பத் தாண்டும். மழை வைத்து ஓட்டினால் ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும், பித்தானை அழுத்தித் தண்டவாளத்தில் மணல் தூவ வேண்டும். அந்த நேரம் பார்த்து எங்கள் ஊர்ப் பாசஞ்சர் நாகர்கோவில் பக்கம் கூவிக்கொண்டு போனால், கூவியது என் வண்டியா அதுவா என்று ஒரு நொடி தடுமாறுவேன். சந்தோஷம் என்றால் எனக்கு அதுதான்.

என் வண்டிக்கு ஒரே ஒரு பயணி உண்டு. என் கணவரின் அண்ணன் மனைவி. எனக்கு அக்கா. அடுத்த வீடுதான். நடுவில் மதில் இருக்கிறது. பாகம் பிரித்தபோது கட்டியது. சண்டை ஒன்றும் கிடையாது. எங்கள் பக்கத்தில் பாகம் பிரித்தால் மதில் கட்டுவது, பிள்ளை பிறந்தால் பெயர் வைக்கிற மாதிரி. அந்த ஆதாரத்தை எழுதியவளும் நான்தான். அதனால் அக்கா தன் கேட்டைத் திறந்து, ரோட்டில் இறங்கி, மேடு ஏறி, எங்கள் கேட்டைத் திறந்து வர வேண்டும். முட்டுவலிக்காரி. வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் மூச்சு அடங்கவே கொஞ்ச நேரம் ஆகும்.

"மக்களே, வண்டி எடுத்தாச்சா?" என்னை அவள் கூப்பிடுவது அப்படித்தான்.

"நீங்க ஏறாம எடுப்பனா அக்கா?"

"மெல்லப் போ பிள்ளே. அடுத்தாப்புல கொகை வருது." குகை வந்தால் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொள்வாள்.

அந்தப் பாதையைச் செய்தவர் ரொட்டி சுடுகிற வேலையில் இருக்கிற ஓர் ஆஸ்திரியாக்காரர். ஒவ்வொரு வளைவையும் ஒவ்வொரு கம்பத்தையும் உள்ளபடியே வைத்தவர், கடைசி ஸ்டேஷனில் மட்டும் நிறுத்திவிட்டார். பிளாட்பாரம் இருக்கும், சின்னக் கட்டடம் இருக்கும், அதற்கு அப்பால் பச்சைப் பாய் விரித்தது போல வெறும் நிலம். ஒரு நாள் ரசிகர்கள் கூடுகிற இணையப் பக்கத்தில் அவர் எழுதியிருந்தார்: கண் முன்னைப் போல இல்லை, கடைசிக் கிராமத்தில் வீடுகளை வைத்துத் தர யாராவது உண்டா? நான் கை தூக்கினேன்.

அவ்வளவு ஆசைப்பட்டு நான் எதையும் கேட்டதில்லை. பாதையைத் திறந்ததும் செய்தவர்களின் பெயர் வரும். அதில் என் பெயர் வர வேண்டும். நான் வைத்த வீட்டைத் தாண்டி வண்டி போக வேண்டும். எத்தனையோ பேருக்கு வீட்டு ஆதாரம் எழுதியிருக்கிறேன், ஒரு வீட்டையாவது நானே வைத்துப் பார்க்க வேண்டாமா?

"ஆஸ்திரியாவில ஆதாரம் எழுத ஆளு கிட்டல்ல போல," என்றார் என் கணவர். "ஃபீசு உண்டா?"

ரொட்டிக்காரர் அனுப்பிய படங்கள் ஆற்றுக்கு அக்கரை மலையிலிருந்து எடுத்தவை. கூரைகள் தெளிவாகத் தெரிந்தன, வீடுகளுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்பது தெரியவில்லை. தெரியாததை நானே நிரப்பினேன். வீடு என்றால் முதலில் நாலு எல்கை. விளையாட்டில் இருக்கிற பொருள் பட்டியலைத் துழாவிக் கருங்கல் மதில் கண்டுபிடித்தேன், இரும்பு கேட் கண்டுபிடித்தேன், ஒரு வீடு விடாமல் சுற்றிக் கட்டினேன். மதில் இல்லாத வீடு என் கைக்கு வராது. அக்காவும் பக்கத்தில் இருந்து யோசனை சொன்னாள்.

"கிணறு ஈசான மூலையில வரணும் கேட்டியா. தெக்க பாத்து கேட்டு வைக்காத."

ஆஸ்திரியாக் கிராமம் முழுவதும் வாஸ்துப்படி எழும்பி நின்றது. எங்கள் குளத்தூரில் உள்ள எந்தப் புரையிடத்துக்கும், அதாவது வீட்டு மனைக்கும், குறைச்சல் இல்லை. பெருமையோடு அனுப்பி வைத்தேன்.

பதில் மரியாதையாகத்தான் வந்தது. வீடுகள் மிக அழகு. ஆனால் எல்லோரையும் ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள்? எங்கள் கிராமத்தில் மதிலே கிடையாது, கிணறும் கிடையாது. புதிய பதிப்பைச் சீக்கிரம் வெளியிடப் போகிறேன். அதற்குள் சரி செய்ய முடிந்தால் சேர்க்கிறேன், இல்லையென்றால் கடைசி ஸ்டேஷன் புல்வெளியாகவே இருக்கட்டும்.

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. மதில் இல்லாமல் என்ன வீடு? ஆடு ஏறாதா, நாய் நுழையாதா? கணவர் சிரித்த சிரிப்பு வேறு. கொஞ்ச நாள் நான் ஆஸ்திரியாப் பக்கமே போகவில்லை. பிறகு ஆசை ரோஷத்தை ஜெயித்தது. உட்கார்ந்து ஒவ்வொரு மதிலாக இடித்தேன், ஒவ்வொரு கிணறாகத் தூர்த்தேன். எல்லாம் போனபின், குளத்தில் இறங்கின பிள்ளைகள் மாதிரி வீடுகள் வெட்கமில்லாமல் நின்றன. கொஞ்ச நேரத்தில் அது கண்ணுக்குப் பழகிவிட்டது. ஆனாலும் என்னவோ குறைந்தது. வீடுகள் இருந்தன, ஆள் குடியிருக்கிற களை இல்லை. நானும் கல்யாண மண்டபம்தான் கட்டி வைத்திருந்தேன்.

அக்கா நாற்காலியில் முழங்காலைத் தடவிக்கொண்டு பார்த்திருந்தாள். அந்த மாசம் அவளுக்கு வலி கூடியிருந்தது. இனி இந்த மேடு ஏறி வர முடியாது போல இருக்கிறது என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னாள்.

"மக்களே, இவளுவளுக்கு கறிவேப்பில தீந்து போச்சுண்ணா அடுத்த வீட்டுக்கு எப்படி போவாளுவ?"

"ரோட்டு வழி போவாளுவ அக்கா."

"மதிலுதான் இல்லியே. பின்ன எதுக்கு ரோட்டு வழி?"

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். மதில் வருவதற்கு முன்னால் என் அடுக்களைப் பின்வாசலிலிருந்து அவள் அடுக்களைப் பின்வாசலுக்கு ஒரு வழி இருந்தது. யாரும் போட்டதல்ல, எங்கள் இரண்டு பேர் காலும் நடந்து நடந்து உண்டானது. நடந்து உண்டான வழி நேராகப் போகாது. எங்கள் வழி பலாமரத்தைச் சுற்றிக்கொண்டு போகும். மழைக்காலத்தில்கூட அதில் புல் முளைத்ததில்லை.

ஆற்றோரம் நெருங்கி நின்ற இரண்டு வீடுகளைத் தேர்ந்தெடுத்து, பின்வாசலுக்குப் பின்வாசல் ஒரு மண் வழி போட்டேன். பலாமரம் பட்டியலில் இல்லை. ஆப்பிள் மரம் ஒன்றை நட்டு அதைச் சுற்றி வளைத்தேன். படத்தில் இல்லாத வழி அது. அந்த மனிதரோ ஒரு கம்பத்தைக்கூட இடம் மாற்றாதவர். இதைப் பார்த்தால் மொத்தத்தையும் தள்ளிவிடுவார். ஆனால் எடுத்துவிட மனசு வரவில்லை. அனுப்பிவிட்டேன்.

பதில் வரத் தாமதமானது. வந்தபோது முதல் வரியிலேயே கிராமத்தைச் சேர்த்துக்கொண்டதாக எழுதியிருந்தார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: ஆற்றோர வீடுகளில் ஒன்று என் அம்மாவுடையது, மற்றது சித்தியுடையது. இரண்டு சமையலறைக்கும் நடுவில் ஒரு வழி இருந்தது, ஒரு மரத்தை இப்படித்தான் சுற்றிப் போகும். இரண்டு பேரும் காலமாகிவிட்டார்கள், வழியில் புல் மூடிவிட்டது, எந்தப் படத்திலும் அது கிடையாது. உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் வீட்டுக்குப் பின்னாலும் ஒன்று இருந்தது என்று மட்டும் பதில் எழுதினேன்.

புதிய பதிப்பு வந்த அன்று போனில் அக்காவைக் கூப்பிட்டேன். "வாறேன், வண்டி எடுத்துராத," என்றாள். பாலராமபுரம் கரைச் சேலை உடுத்தி, எங்கள் கேட்டைப் பிடித்து நின்று இளைப்பாறி, மெதுவாக வந்து சேர்ந்தாள். திரையில் என் பெயர் வந்தது. கணவர்கூட சாயாவோடு வந்து கதவோரம் நின்றார். குகை தாண்டி, கடைசிப் பாலம் தாண்டி, வேகத்தைக் குறைத்தேன். ஆற்றோரத்து இரண்டு வீடுகள் வந்ததும் நேர அட்டவணையை மறந்து வண்டியை நிறுத்தியே விட்டேன்.

அக்கா முன்னால் சாய்ந்து திரையில் அந்த வழியை விரலால் தொட்டாள்.

"இது நம்ம வழியாக்கும்," என்றாள்.

"ஆமா அக்கா. பலாமரம்தான் கிட்டல்ல."

"வெள்ளக்காரிய ரெண்டு பேருக்கு வழி விட்டுக் குடுத்தாச்சு." முழங்காலைத் தடவிக்கொண்டே சிரித்தாள். "எனக்கு எப்பம் மக்களே?"

கதவோரம் நின்ற என் கணவர் சாயாவைக் குடிக்காமல் வைத்துவிட்டு அண்ணனைப் பார்க்கப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தம்பியும் கடப்பாரையோடு மதிலடியில் நின்றார்கள். எந்த இடத்தில் இடிப்பது என்று பெரிய பொறியாளர்கள் மாதிரி வாதம். பலாமரத்துக்கு நேரே என்று நான் அடுக்களையிலிருந்து கத்தினேன். ஓர் ஆள் கறிச்சட்டியோடு நுழைகிற அகலம், கேட் வைக்கவில்லை. இப்போது நான் சாயா போட்டு முடிப்பதற்குள் அக்கா பின்வாசல் வழியாக வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். பலாமரத்தைச் சுற்றிப் புல் சாயத் தொடங்கியிருக்கிறது.

ஆதாரத்தில் அந்த மதில் இன்னும் முழுசாகத்தான் நிற்கிறது. திருத்தி எழுதும்படி யாரும் என்னிடம் கேட்கவில்லை.