அழகாபுரத்து மாடி அறை

சௌந்தர்யாவுக்குப் பகல் முழுக்க ஸ்கேன் சென்டரில் வேலை. இயந்திரம் டமடமவென்று இடிப்பதைக் கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வந்த பிறகும் தலைக்குள் அந்த இடி ஓயாது. அதனால்தான் சேலம் அழகாபுரத்தின் உள்தெருவில் அந்த மாடி அறையைப் பிடித்தாள். ஒரே அறை, மூலையில் அடுப்பு, ஜன்னலைத் திறந்தால் வேப்பமரம். ஆள் நடக்கும் செருப்புச் சத்தம்கூடத் தனியாகக் கேட்கும் தெரு. கல்யாணமாகாமல் தனியாக இருக்கும் பெண் என்று பல வீடுகளில் கைவிரித்த பிறகு, வீட்டுக்காரர் மணிமாறனும் அவர் மனைவி கோகிலவாணியும்தான் மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்தார்கள்.

சில மாதங்கள் நிம்மதியாகப் போயின. பிறகு அண்ணன் தனபால் திருச்செங்கோட்டிலிருந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினான். அவன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியோடு வடக்கே கிளம்புகிறான். அண்ணி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள்.

"நீதான் பாத்துக்கோணும் அம்மிணி. எனக்கு வேற வழி தெரியல" என்றான். அவளுக்கும் தெரியவில்லை.

அப்பா செங்கோடன் வாழ்நாளெல்லாம் போர் வண்டியில் கம்ப்ரசர் பக்கத்தில் நின்றவர். காது அதிலேயே போய்விட்டது. கருவி மாட்டினால் உள்ளே விசில் ஊதுகிறது என்று கழற்றிப் போட்டுவிட்டார். தன் குரல் தனக்கே கேட்காததால், தண்ணீர் வேண்டும் என்பதைக்கூட நாலு காடு தள்ளி நிற்பவனைக் கூப்பிடுவது போலத்தான் சொல்வார்.

"ஏஞ்சாமி, உங்கூட்டுக் கொழம்புக்கு உப்பே போட மாட்டயா?" என்று முதல்நாள் அவர் கேட்டது தெருக்கோடி வரை போனது. எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது.

ரெண்டு நாளில் கோகிலவாணி மேலே வந்தார். "தப்பா நெனச்சுக்காத சௌந்தர்யா. எதுத்த வீட்டுல பொண்ணு பரிச்சைக்குப் படிக்குது. ஐயாவக் கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லேன்."

"சொல்றனுங்க்கா."

எப்படிச் சொல்வது? அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினாள். உட்காரச் சொல்கிறாள் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டார். வாயைப் பொத்திக் காட்ட மகளுக்குக் கை வரவில்லை.

அதை மணிமாறன் செய்தார். ஒரு சாயந்திரம் அவள் வேலை முடிந்து வந்தபோது, அப்பா வாசலில் கீரைக்காரியிடம் மழையைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். மணிமாறன் வெளியே வந்து கும்பிட்டார், சிரித்தார், உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அப்பா அவரைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். சௌந்தர்யா தலையைக் குனிந்துகொண்டு வண்டியை நிறுத்தினாள்.

அன்றிலிருந்து அவர் பேசவில்லை. பசித்தால் தட்டைத் தொட்டுக் காட்டினார். ஒருநாள் அவள் பொறுக்கமாட்டாமல் அவர் காதோரம் கத்தினாள்: "பேசுங்கப்பா! எதாச்சும் பேசுங்க!" எதிர்வீட்டு ஜன்னல் மறுபடி சாத்திக்கொண்டது. அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"இப்பப் பரவால்லம்மா. ஐயா எத்தன நாள் வேணாலும் இருக்கட்டும்" என்று கோகிலவாணி நல்ல மனதோடுதான் சொன்னார். சௌந்தர்யா அந்த மாதமே அறையைக் காலி செய்தாள்.

பைபாஸ் ஓரம் லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் பின்னால் வீடு கிடைத்தது. விடிந்தால் தகரம் அடிக்கும் சத்தம். யார் எவ்வளவு கத்தினாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. குடிபோன மூன்றாம் நாள் அப்பா ஜன்னலருகே உட்கார்ந்தபடி அவள் பக்கம் திரும்பினார். உதடு அசைந்தது. ஏதோ சொல்கிறார்! அவள் ஓடிப்போய் முகத்தருகே காதை வைத்தாள். அவர் மெதுவாக, வெகு மெதுவாகப் பேசினார். பட்டறைச் சத்தத்தில் ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"என்னங்கப்பா? சத்தமாச் சொல்லுங்க" என்றாள். அவருக்கு அது கேட்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு, அவள் பதிலுக்காக முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.