கிளியனூர் வேதவல்லியின் மூச்சு

திண்டிவனத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். வீடு விழுப்புரத்தில். நுரையீரல் பிரிவுக்குப் புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் வேதவல்லியைப் பற்றிச் சொல்லாமல் நான் வகுப்பு எடுத்ததில்லை.

1. பொடி

அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தபோது உதடு நீலமாக இருந்தது. ஒரு வார்த்தை பேச இரண்டு முறை மூச்சு வாங்கினார். பீடி, சிகரெட் தொட்டதில்லை. கிளியனூரில் புதுச்சேரி சாலையோரம் கணவர் தனகோபாலுடன் டிபன் கடை நடத்துபவர். இருபது வருடத்துக்கும் மேலாகச் சவுக்கு விறகுப் புகையில் நின்றவர். சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று முன்பே தெரிந்து, இன்ஹேலர் பம்ப்பும் கொடுத்திருந்தார்கள்.

ஆக்சிஜன், நெபுலைசர் எல்லாம் வைத்து ஆள் தேறிய பிறகு டாக்டர் என்னை அனுப்பினார். தனகோபால் பையிலிருந்து ஒரு பொடிப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார்.

"இயற்கை வைத்தியம் மேடம். இத சாப்ட்டா பம்ப்பே வாணாம்னு சொன்னாங்கோ. பம்ப்பு பழக்கமாயிடுமாமே. அதான் நிறுத்திட்டோம்."

"தூதுவளை ரசம் வச்சுச் சாப்பிடுங்க, நானே சாப்பிடுவேன். பொட்டலத்துல என்ன கலந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்? டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் பேசுவோம். பம்ப்பை மட்டும் அவர் சொல்லாம நிறுத்தாதீங்க."

"அப்ப இயற்கையா ஒண்ணுமே கெடயாதா?" என்று வேதவல்லி கேட்டார். குரலில் கோபம் இருந்தது.

"இருக்குங்க. மருந்தோட சேர்த்துப் பண்ணணும்."

2. டீ ஆற்றுவது

மூக்கால் மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விடவேண்டும். இந்த நோயில் பழைய காற்று உள்ளேயே தங்கிவிடுகிறது. அது போனால்தான் புதுக்காற்றுக்கு இடம். சொன்னதும் வேதவல்லி கன்னம் உப்ப ஊதினார். இருமல் வந்துவிட்டது.

"அடுப்பு ஊதுற மாதிரி வேணாங்க. கொதிக்கிற டீயை ஆத்துற மாதிரி, மெதுவா."

"அடுப்பு ஊதித்தான மேடம் இங்க வந்து படுத்துக்கினு கீறேன்!" என்று சிரித்தார். சிரித்ததில் மறுபடி மூச்சு வாங்கியது. இந்தத் தடவை அவராகவே உதட்டைக் குவித்தார்.

வீட்டுக்குப் போகும் நாளில், "எது செய்ய முடியலைன்னு உங்களுக்கு ரொம்ப வருத்தம்?" என்று கேட்டேன். பட்டியலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். ஒன்றே ஒன்று சொன்னார். விழுப்புரத்தில் மகள் கோமதி மாடி வீட்டில் குடியிருக்கிறாள். பேத்தி பிறந்து தவழவே ஆரம்பித்துவிட்டாள். பாட்டி இன்னும் அந்த வீட்டுப் படி ஏறியதில்லை.

3. கடை

ஒரு ஞாயிற்றுக்கிழமை டியூட்டி முடிந்து திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில் கிளியனூரில் இறங்கினேன். தாழ்ந்த தகரக் கூரை. உள்ளே கண்ணைத் திறக்க முடியாத புகை. வேதவல்லி அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"கேஸ்ல வச்சா ருசி போய்டும் மேடம். கஸ்டமர் பேஜாரு பண்ணுவான்" என்றார் தனகோபால்.

நான் பதில் சொல்லுமுன் வேதவல்லி கரண்டியை அவர் கையில் கொடுத்தார். "நாளையிலேர்ந்து நீங்க இங்க நில்லுங்க. நான் வெளிய பரிமாறிக்கினு கீறேன்."

கொஞ்ச நாள்கூட தனகோபால் தாங்கவில்லை. போன் செய்தார். "கண்ணு எரியுது, நெஞ்சு கமறுது மேடம். இத்தினி வருஷம் எப்டிதான் நின்னாளோ." கேஸ் அடுப்பு வந்தது. கூரையை உயர்த்தி ஜன்னல் வைத்தார்கள். சாம்பாரில் ஏதோ குறைகிறது என்று சிலர் வேறு கடைக்குப் போனார்கள். அது உண்மைதான், மறைப்பதற்கில்லை.

வேதவல்லி காலையில் கடை முடிந்ததும் நடந்தார். முதலில் பக்கத்து பஞ்சர் கடை வரை, பிறகு பஸ் ஸ்டாப் வரை. மூச்சு முட்டினால் ஒரு சுவரைப் பிடித்து, முன்னால் லேசாகக் குனிந்து நின்றார். வயிறு நிறைந்தால் மூச்சுக்கு இடம் குறையும் என்று, முட்டச் சாப்பிடுவதை விட்டார். மழைக்காலத்தில் சளி பிடித்து ஒரு தடவை மறுபடி அட்மிட் ஆனார். வீட்டுக்குப் போய் நடையை முதலிலிருந்து தொடங்கினார்.

4. மாடி

டாக்டர் சரி என்ற பிறகு விழுப்புரத்துக்கு வந்தார். என்னையும் கூப்பிட்டிருந்தார். கோமதி மேலிருந்து கத்தினாள். "அம்மா, ஏறாத! கொழந்தைய நான் தூக்கினு வர்றேன்."

"நீ கம்முனு இரு. நான் வர்றேன்."

நின்று மூச்சை இழுத்தார். விட்டுக்கொண்டே ஒரு படி ஏறினார். மறுபடி நின்றார். ஜல்தியாக ஏறச் சொல்லிப் பின்னாலிருந்து தூண்டிய கணவரைத் திரும்பி ஒரு முறை முறைத்தார். பாதியில் வியர்த்துக் கொட்டியது. கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி வெகுநேரம் நின்றார். கீழே இறக்கிவிடலாமா என்று நான் யோசித்தபோது அடுத்த படியில் கால் வைத்தார்.

மேலே கோமதி குழந்தையை நீட்டினாள். வேதவல்லி கையைக் காட்டித் தடுத்தார். உட்கார்ந்து, மூச்சு நிதானத்துக்கு வந்த பிறகுதான் கையை விரித்தார். குழந்தை அவர் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது.

அவருடைய நுரையீரல் பழையபடி ஆகவில்லை. ஆகாது என்று அவருக்கும் தெரியும். நான் கற்றுக்கொண்டது இதுதான்: நோயாளியிடம் பயிற்சியைச் சொல்லுமுன், எங்கே போக ஆசைப்படுகிறார் என்று கேட்க வேண்டும். அதற்குப் பிறகு நாம் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியை அவர் விடமாட்டார்.